கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் கிளி: வாங்கும் முன் வணிகர்கள் யோசிக்க வேண்டியவை



கடையில் ஒரு கிளிக்கூண்டு தொங்கினால் வாடிக்கையாளர் கூட்டம் தானே வரும் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. குழந்தையோடு வருபவர்கள் கூண்டருகே நிற்பார்கள், நின்றவர்கள் கூடுதலாக இரண்டு சாமான் வாங்குவார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் நாங்களும் 2015-இல் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வாங்கினோம். குபேர் அங்காடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. அந்தக் கிளியால் நாங்கள் பட்ட பாடும் கற்ற பாடமும் மற்ற உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

பச்சைக்கிளி வேண்டாம்

முதலில் ஒரு சட்ட விஷயம். நம் ஊர்ப் பச்சைக்கிளியையோ மைனாவையோ கடையில் வைத்திருந்தால் இன்றே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. "தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம்" என்ற பதில் அங்கே எடுபடாது. 2024 ஏப்ரலில் நம் பக்கத்து கடலூர் மாவட்டத்தில், தேர்தல் நேரத்தில் கிளி ஜோசியம் பார்த்தவரிடமிருந்து வனத்துறையினர் கிளிகளைப் பறிமுதல் செய்த செய்தியை எல்லோரும் படித்திருப்போம்.

இந்தச் சட்டத்திற்குப் பயந்துதான் பலர் வெளிநாட்டுக் கிளிகளின் பக்கம் திரும்புகிறார்கள். அவற்றில் பேச்சுக்குப் பேர்போனது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி.

எப்படிப்பட்ட பறவை இது?

மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளே இதன் தாயகம். உடல் சாம்பல் நிறம், வால் நல்ல சிவப்பு, அலகு கறுப்பு. எடை ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். டிம்னே என்று இன்னொரு வகையும் உண்டு. அது சற்றுச் சிறியது, வால் கருஞ்சிவப்பு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கிளியை 'காபோன் சாம்பல்' என்று அழைப்பார்கள். காபோன் என்பது அவர்கள் ஆண்ட ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று.

இதன் அறிவு சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் இத்தகைய கிளியை வாங்கி, அலெக்ஸ் என்று பெயரிட்டுப் பயிற்சி தந்தார். அது நூறுக்கு மேற்பட்ட சொற்களைக் கற்றது. பொருளின் நிறத்தையும் வடிவத்தையும் சொன்னது, ஆறு வரை எண்ணியது. 2007-இல் தன் 31-ஆம் வயதில் இறந்தது. 31 என்பது இந்த இனத்துக்கு நடுவயதுதான். நன்றாக வளர்த்தால் 40, 50 ஆண்டுகள் வாழக்கூடியது.

எங்கள் கிளி ஆறே மாதத்தில் தொலைபேசி மணி போலவே அடித்து எங்களை ஓடவைத்தது. அடுத்து "சில்லறை இல்லையா?" என்றது. பிறகு "கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று, எந்த வாடிக்கையாளர் அதிகம் சொல்வாரோ அவர் குரலிலேயே சொன்னது. அந்த வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அது அப்படிச் சொன்ன நாளில் கடை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் ஒரு மாதம் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை.

எங்கள் தவறு

இரண்டாம் ஆண்டில் கிளி தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. பூச்சி என்று நினைத்து மருந்து தெளித்தோம். நிற்கவில்லை. மார்பு முழுவதும் வெறும் தோலானது. "என்ன அண்ணாச்சி, பாதி உரிச்ச கோழி மாதிரி இருக்கு?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் கிளியைப் பார்ப்பதற்கு முன் எங்களைக் கேள்வி கேட்டார். கூண்டு எங்கே தொங்குகிறது? மிளகாய் மூட்டைக்கு மேலே. காலையில் சாம்பிராணி போடுவீர்களா? தினமும். இரவில் யார் கூட இருப்பார்கள்? யாருமில்லை, ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கினால் காலை ஆறுக்குத்தான் திறப்போம். என்ன தீனி? சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும். "நீங்கள் சொன்ன நான்கும் நோய்க்குக் காரணம்" என்றார் அவர்.

அப்போதும் நாங்கள் முழுமையாகத் திருந்தவில்லை. தீனியை மாற்றினோம், சாம்பிராணியை நிறுத்தினோம், கூண்டைக் கடையிலிருந்து எடுக்க மட்டும் மனம் வரவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து, கடை நேரம் குறைந்தபோதுதான் வேறு வழியின்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். வீட்டில் எங்கள் தாயார் சமைக்கும்போதும் கறிகாய் நறுக்கும்போதும் அதோடு பேசிக்கொண்டே இருப்பார். நான்கைந்து மாதத்தில் மார்பில் புது இறகு முளைத்தது. காட்டில் கூட்டமாகத் திரியும் பறவைக்கு இரவு முழுதும் பூட்டிய கடையில் தனிமை என்றால் அது என்ன செய்யும்? கூட்டம் சேர்க்க வாங்கிய பறவை, கூட்டமில்லாமல்தான் நோயுற்றது.

தீனி: நம் கடைச் சரக்கே போதும்

மளிகைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வேண்டியதில் பெரும்பகுதி நம் கடையிலேயே இருக்கிறது. ஆனால் எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று தெரிய வேண்டும்.

சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ-யும் குறைவு. சாம்பல் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பே வரும். ஆகவே அது முழு உணவாகாது. எப்போதாவது கொடுக்கும் தின்பண்டமாக இருக்கட்டும். கிளிகளுக்கென விற்கும் உருண்டைத் தீவனத்தோடு கேரட், பூசணி, முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த சோளம், கொய்யா, பப்பாளி ஆகியவற்றைக் கொடுக்கலாம். பச்சை மிளகாயையும் விரும்பித் தின்னும். அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை.

நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும் என்பது எண்ணெய், கடலை வியாபாரம் செய்யும் நமக்குத் தெரியாததல்ல. அது பறவையின் ஈரலை அழிக்கும். விற்க முடியாமல் ஒதுக்கிய கடலையைக் கிளிக்குப் போடும் பழக்கத்தை உடனே விட வேண்டும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, தேநீர், மது, உப்பு மிக்சர் இவற்றை வாயருகே கொண்டுபோகவே கூடாது.

கூண்டும் காற்றும்

கூண்டுக்குள் இரண்டு சிறகையும் முழுதாக விரிக்க இடம் வேண்டும். எங்கள் கூண்டு 3 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம். அதுவும் தினமும் சில மணி நேரம் வெளியே விடுவதால்தான் போதுமானதாக இருக்கிறது. நாகம் பூசிய மலிவுக் கம்பி வலை ஆகாது. கிளி அதைக் கடித்துக்கொண்டே இருந்தால் துத்தநாகம் உடலில் சேர்ந்து நஞ்சாகும். உட்காரும் குச்சி ஒரே கனமாக இல்லாமல், மெல்லியதும் தடித்ததுமாகக் கொய்யாக் கிளைகளை வைக்கலாம். கடிப்பதற்கு மரத்துண்டு, அட்டைப்பெட்டி கொடுங்கள். நம்மிடம் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை.

பறவையின் நுரையீரல் மென்மையானது. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி, பூச்சிமருந்து, மிளகாய்த்தூள், மாவுத்தூசி எதுவும் ஆகாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அடுப்பில் காய்ந்துபோனால் வரும் புகையில், கிளி சில நிமிடங்களில் செத்துவிடும். எனவே சமையலறையில் கூண்டு வேண்டாம். காலை வெயில் சற்றுப் படட்டும், நிழலும் இருக்கட்டும். இரவில் 10 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை.

கிளி நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். இதற்கு ஒரே வழி எடை. வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்தி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் தாமதிக்காமல் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்விநிலையம் போன்ற இடத்துக்கோ, பறவை பார்க்கும் மருத்துவரிடமோ கொண்டு செல்லுங்கள். இந்த இனம் உதிர்க்கும் வெள்ளைத்தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. கிளிக் காய்ச்சல் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். கூண்டைச் சுத்தம் செய்தபின் கையைக் கழுவாமல் சரக்கைத் தொடக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆறுமாதக் குஞ்சு என்று சொல்லி வயதான பறவையைத் தலையில் கட்டுபவர்கள் உண்டு. கண்ணைப் பாருங்கள். இளங்குஞ்சுக்குக் கருவிழியைச் சுற்றியும் இருட்டாக இருக்கும், வயது ஏற ஏறச் சாம்பலாகி, பிறகு வெளிர்மஞ்சளாகும். காலில் இணைப்பு இல்லாத முழு வளையம் இருந்தால் குஞ்சுப் பருவத்தில் மாட்டியது என்று அர்த்தம். வளர்ந்த காலில் அதை மாட்ட முடியாது. ஆணா பெண்ணா என்பதைப் பார்வையால் சொல்ல இயலாது, இறகை மரபணுச் சோதனைக்கு அனுப்பித்தான் அறியலாம். "ஆண்தான், நன்றாகப் பேசும்" என்று உறுதி சொல்பவரிடம் சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் காகிதம். ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து லட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டு, கானா நாட்டில் இந்தக் கிளி ஏறக்குறைய அழிந்தே விட்டது. அதனால் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச உடன்படிக்கையில் 2017 ஜனவரி முதல் இது மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டிலும் 2022-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரி 28-இல் பதிவு விதிகள் வெளியாயின. வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்திற்குள் 'பரிவேஷ்' என்ற அரசு இணையதளம் வழியே தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிய வேண்டும் என்றார்கள். புதிதாகப் பெறுபவருக்கு 30 நாள் அவகாசம். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இனப்பெருக்கம் செய்து விற்பவருக்கு உரிமம் தேவை.

எங்களுக்கு விற்றவர் 2015-இல் பில் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பில் இல்லாமல் பணம் தராத நாங்கள், பல ஆயிரம் ரூபாய்ப் பறவைக்கு வெறும் வாய்ப்பேச்சை நம்பினோம். 2020 ஜூனில் மத்திய அரசு, ஆறு மாதத்திற்குள் தானாக முன்வந்து அறிவிப்போரிடம் ஆவணம் கேட்பதில்லை என்று அறிவித்தது. எங்கள் அண்ணன் மகன் பத்திரிகையில் பார்த்துச் சொன்னதால் அப்போதே அறிவித்தோம். 2024-இல் பதிவு செய்யும்போது அந்தச் சான்றுதான் கைகொடுத்தது. தம்பி மகன் வயதில் ஒரு வியாபாரி அன்று அலட்சியமாக இருந்துவிட்டு, இன்று தன் கிளியை வெளியே காட்டவும் பயந்து, மருத்துவரிடம் கொண்டுபோகவும் பயந்து இருக்கிறார். அந்தப் பயத்தில் கஷ்டப்படுவது கிளிதான்.

கடைசியாக ஒரு கேள்வி

ஐம்பது வயதில் இருக்கும் வணிகர் இன்று குஞ்சு வாங்கினால் அது அவருக்குப் பிறகும் இருக்கும். கடைக்கு வாரிசு யார் என்று யோசிக்கிறோமே, கிளிக்கு யார் என்று யோசித்தோமா? எங்கள் வீட்டில் பேசி முடிவு செய்து, அண்ணன் மகன் பொறுப்பேற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்தப் பேச்சை நாங்கள் வாங்கும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

வீட்டில் நாள் முழுதும் ஆள் இருந்து, பதிவுச் சான்றும் சரியாக இருந்து, அடுத்த தலைமுறையும் சம்மதித்தால் மட்டும் சாம்பல் கிளி வாங்குங்கள். கடைக்கு அழகு என்று வாங்காதீர்கள். பறவை பார்க்க ஆசை மட்டும் என்றால் அதற்குக் கூண்டே தேவையில்லை. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்த சேகர், மாடியில் தினமும் அரிசி வைத்தே ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளை வரவழைத்தார். நம் கடையில் மூட்டை பிரிக்கும்போது சிந்தும் தானியமும் ஒரு சட்டித் தண்ணீரும் மாடியில் இருந்தால் போதும். வருகிற குருவியும் கிளியும் தின்றுவிட்டுத் தம் கூட்டத்தோடு பறந்துபோகும்.

எங்கள் கிளி இப்போது வீட்டில் எங்கள் தாயாரின் குரலில் எங்களையே சாப்பிடக் கூப்பிடுகிறது. கடையில் கற்ற "கணக்குல எழுதிக்கோங்க" மட்டும் இன்னும் மறக்கவில்லை. அதற்கு நாங்கள் பட்ட கடன் நிறைய என்பதால், அதைக் கேட்டு நாங்கள் கோபப்படுவதில்லை.