கால்சட்டைப் பையில் செல்போன் வைக்கலாமா?

"செல்போனைக் கால்சட்டைப் பையில் போடாதே! பின்னால் குழந்தை பிறக்காது" என்று பையன்கள் ஒருவரையொருவர் பயமுறுத்துவதைக் கேட்டிருப்பீர்கள். பெரியவர்களிடம் கேட்கக் கூச்சம், கேட்காவிட்டால் பயம். நாம் கூச்சப்படாமல் பார்ப்போமே.

ஆணின் விந்தணுக்கள் விரைகளில் உண்டாகின்றன. இதயம், ஈரல் எல்லாம் உடலுக்குள் பத்திரமாக இருக்க, விரைகள் மட்டும் ஏன் வெளியே ஒரு பையில் தொங்குகின்றன? நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி சென்டிகிரேட் அல்லவா? விந்தணு உற்பத்திக்கு அதைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைவாக இருக்க வேண்டும். கடுமையான காய்ச்சல் வந்து போனால், சில வாரங்கள் விந்தணுக்கள் குறைந்து, பிறகு பழைய நிலைக்கு வருவதுண்டு. சூடுதான் அவற்றிற்குப் பகை.

செல்போன் அனுப்புவது ரேடியோ அலை. எக்ஸ்-கதிரையும் கதிர்வீச்சு என்கிறோம், இதையும் கதிர்வீச்சு என்கிறோம். பெயர் ஒன்று, வலிமை வேறு. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானிடம், அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியத் தேவையான ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அலை திசுக்களைச் சிறிதளவு சூடாக்கும். இது ஐயமின்றித் தெரிந்த விளைவு. வேறு விளைவும் உண்டா என்பதே கேள்வி.

அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரில் அசோக் அகர்வால் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. விந்துவைக் கலத்தில் எடுத்து, பேச்சு நிலையிலிருந்த செல்போனை 2.5 சென்டிமீட்டர் தொலைவில் 1 மணி நேரம் வைத்தார்கள். விந்தணுக்களின் ஓட்டம் குறைந்தது. பயந்துவிடாதீர்கள்! கலத்திலுள்ள விந்துவுக்கும் செல்போனுக்கும் இடையே தோலும் திசுக்களும் இல்லை. உடலுக்குள்ளும் இப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி சுவிட்சர்லாந்துக்குப் போவோம். அங்கே இளைஞர்கள் ராணுவத் தகுதித் தேர்வுக்கு வந்தாக வேண்டும். 2005 முதல் 2018 வரை அப்படி வந்தவர்களில், 18 முதல் 22 வயதுள்ள 2,886 பேரின் விந்து ஆராயப்பட்டது. முந்தைய ஆய்வுகள் பல, குழந்தையில்லை என்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் நடந்தவை. இவர்களோ சாதாரண இளைஞர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை செல்போனைப் பயன்படுத்துகிறாய், எங்கே வைத்துக்கொள்கிறாய் என்றும் கேட்டார்கள். முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதவர்களிடம் இடைநிலை அளவு, ஒரு மில்லி லிட்டருக்கு 5 கோடியே 65 லட்சம் விந்தணுக்கள். நாளைக்கு 20 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் 4 கோடியே 45 லட்சம்.

ஆகா, குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

அலைதான் காரணமென்றால், செல்போனைக் கால்சட்டைப் பையில் வைத்தவர்களிடம் விந்தணுக்கள் இன்னும் குறைந்திருக்க வேண்டுமல்லவா? அப்படி இல்லை! பையில் வைத்தவர், வைக்காதவர் என்ற வேறுபாடே தெரியவில்லை. விந்தணுக்களின் ஓட்டத்திலும் வடிவத்திலும்கூட வேறுபாடு இல்லை. 2005-07-ல் தெளிவாக இருந்த தொடர்பு, பின்வந்த ஆண்டுகளில் மங்கிக்கொண்டே போயிற்று. 2ஜி போய் 3ஜி, 4ஜி வந்தபோது செல்போன் வெளிவிடும் திறன் குறைந்ததே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ பையைப் பற்றிய முடிவு இடிக்கிறது. நாளெல்லாம் செல்போனும் கையுமாக இருப்பவரின் தூக்கமும் உடற்பயிற்சியும் மற்றவருடையதைப் போலவா இருக்கும்? குறைவு அதனால் வந்ததா, அலையால் வந்ததா? கேட்டு எழுதிய விடைகளை வைத்து இதைப் பிரிக்க முடியாது.

இரண்டு அளவுகளுமே, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த கீழ் எல்லையான 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல்தான். ஆகவே பையில் செல்போனுடன் நடக்கும் நண்பனைப் பார்த்து நடுங்க வேண்டாம். தொடர்பு சரியாகக் கிடைக்காத இடங்களில் செல்போன் தன் திறனைக் கூட்டிக்கொண்டு அலையை அனுப்பும். அப்போது புத்தகப் பையில் போட்டு வைப்பதில் நஷ்டமும் இல்லை.

சுவிட்சர்லாந்தில் 2023-ல் அடுத்த ஆய்வைத் தொடங்கினார்கள். எத்தனை முறை என்று இளைஞர்களைக் கேட்டு எழுதினால் போதாது என்று, அவரவர் செல்போனில் ஒரு செயலியைப் போட்டுவிட்டார்கள். இம்முறை சாட்சி சொல்லப்போவது செல்போனேதான்!