குட்டி காரும் கொண்டை ஊசியும்!

கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20... என்ன கணக்குன்னு பார்க்கிறீங்களா? எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள் பாஸ்! செமஸ்டர் முடிஞ்ச கையோட, 'மச்சி, மலைக்குப் போலாமா?' என்று கிளம்பும் கோஷ்டிக்குப் பெரும்பாலும் கிடைப்பது, அப்பாவோ மாமாவோ வச்சிருக்கும் பழைய குட்டி கார்தான். ஆர்.டி.ஓ. கிரவுண்டுல ரிவர்ஸ்ல 'எச்' போட்டு லைசென்ஸ் வாங்கியாச்சு. ஆனா, மலை வளைவு கேட்கிறது வேற வித்தை!

மூக்கு இழுக்கும் வண்டி

1983 டிசம்பரில் வந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-ஐயே எடுத்துக்குவோம். மூணு சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின், எடை சுமார் 650 கிலோ. அம்பாஸடர்ல பின் சக்கரம் வண்டியைத் தள்ளும். இதுல முன் சக்கரம் இழுக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னாடியே இருப்பதால் எடையில் பாதிக்கு மேல் முன் டயர்கள் தலையில்!

இந்த டைப் வண்டியை லேசா நினைக்காதீங்க. 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினியும் இதே ஜாதிதான். 1964-ல் மான்டி கார்லோ ராலியில், தன்னைவிடப் பெரிய வண்டிகளை எல்லாம் முந்திக்கிட்டு பேடி ஹாப்கிர்க் ஜெயித்தது ஒரு மினியில்தான். எடை கம்மி என்றால் பிரேக் பிடிக்கவும் திருப்பவும் சுலபம். அதுதான் ரகசியம்.

டயருக்கும் உண்டு பாக்கெட் மணி!

முன் டயருக்கு மூணு வேலை. இழுக்கணும், திருப்பணும், பிரேக்கிலும் பெரும்பங்கைத் தாங்கணும். ஆனா, அதுக்கு இருக்கிற பிடிமானம் ஹாஸ்டல் பையனோட பாக்கெட் மணி மாதிரி... ஒரு அளவுதான். மொத்தத்தையும் பிரேக்குக்கே செலவு பண்ணிட்டா, திருப்பக் கையில காசு இருக்காது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் வண்டி நேரா போய்க்கிட்டே இருக்கும். இதுக்குப் பேர் 'அண்டர்ஸ்டீயர்'.

ஒரு சின்னக் கணக்கு. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் போனால், டயர்கள் பக்கவாட்டில் தாங்க வேண்டிய விசை, வண்டி எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு. அதே வளைவில் 40-ல் போனால்? எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு! வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. காய்ஞ்ச ரோட்டில் எப்படியோ தாங்கிடும். மழையோ, வளைவில் கொட்டிக்கிடக்கும் மணலோ சேர்ந்தால்... சான்ஸே இல்லை!

படிப்படியா பழகலாம்

முதல்ல, ஆளில்லாத கிரவுண்டு ஒண்ணு பிடிங்க. பக்கத்துல நல்லா ஓட்டத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் இருக்கணும். தண்ணி பாட்டில்களை வளைவு மாதிரி அடுக்கி வச்சு, மெதுவான வேகத்துலயே ஆரம்பிங்க.

ஒண்ணு... பிரேக்கும் கியர் மாத்துறதும் வளைவுக்கு முன்னாடியே, ஸ்டீயரிங் நேரா இருக்கும்போதே முடிஞ்சிடணும்.

ரெண்டு... கண்ணு பானட் மேல இருக்கக்கூடாது. வளைவு முடியுற இடத்தைத் தேடணும். கண்ணு போற பக்கம் கை தானா போகும்.

மூணு... ஸ்டீயரிங்கை வெடுக்குன்னு ஒடிக்காம, ஒரே சீராகத் திருப்புங்க. உள்ளே ஆக்ஸிலரேட்டர் மேல கால் லேசா இருக்கட்டும். ரோடு நிமிர நிமிர மெள்ள மிதிங்க.

மூக்கு வெளியே போனா?

பயத்துல எல்லாரும் செய்யறது ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறது. அது வேலைக்கு ஆகாது. ஆக்ஸிலரேட்டரை மெள்ளக் குறைங்க, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்க. முன் டயருக்குப் பிடிமானம் திரும்பி வரும்.

'அப்போ காலைப் படக்குன்னு எடுத்துட்டா?' அதுலயும் ஆபத்து இருக்கு தலைவா! வேகமான வளைவுல படக்குன்னு எடுத்தா எடை முன்னாடி சாயும், பின்பக்கம் லேசாகும், வால் வழுக்கும். ராலிக்காரங்க இதையே வித்தையாப் பண்ணுவாங்க. நமக்கு அந்த ஆசை வந்தா, இருங்காட்டுக்கோட்டை மாதிரி ரேஸ் டிராக்ல முறையாப் பயிற்சி எடுத்துக்கலாம். எதிரே பஸ் வர்ற ரோட்டுல வேண்டாம்.

அஞ்சு பேர், ஒரு பிரேக்

ஆளுக்கு 60 கிலோன்னு வச்சாலும் அஞ்சு பேர் ஏறினா 300 கிலோ. அதாவது, வண்டியோட எடையில் கிட்டத்தட்ட பாதி கூடிடுது! தனியா ஓட்டிப் பழகின அதே வண்டி, அஞ்சு பேரோட வேற வண்டி. பின்சீட்டுல இருந்து 'மிதிடா மச்சான்!'னு எவன் கத்தினாலும் காதுல வாங்காதீங்க.

இறங்கும்போது 'பெட்ரோல் மிச்சம்'னு நியூட்ரல்ல விடுறது நம்மூர்ல பலருக்கும் பழக்கம். அதைவிட முட்டாள்தனம் இல்லை. மொத்த பாரமும் பிரேக் மேல விழும், சூடேறி அது பிடிக்காம போகலாம். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா இன்னும் மோசம்... பிரேக்குக்கு உதவுற பூஸ்டரும் சீக்கிரமே கைவிட்டுடும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியா இருந்தா, கியர்ல இறங்கும்போது ஆக்ஸிலரேட்டர்ல கால் வைக்காத நேரத்துல பெட்ரோல் சப்ளையையே அது நிறுத்திடும். நியூட்ரல்லதான் சும்மா எரியும்! அதனால ஏறின கியர்லயே இறங்குங்க, ஹாரன் அடிங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க.

மலை எங்கேயும் ஓடிப்போகாது. அஞ்சு நிமிஷம் லேட்டா போனாலும் ஃபோட்டோ எடுக்க வியூ பாயின்ட் அங்கேயேதான் இருக்கும். எடுக்க நாம அஞ்சு பேரும் இருக்கணுமில்லையா? கிளம்புறதுக்கு முன்னாடி டயர்ல காத்து செக் பண்ணிக்குங்க பாஸ்!