நீரால் குளிரும் கணிப்பொறி

வெப்பத்தை நீரால் வெல்லும் வழி வடசென்னைக்குப் புதிதன்று. மாதவரத்து லாரிகளின் ரேடியேட்டரும், பால் பண்ணையின் குளிரூட்டும் கருவியும், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் நீர்க்குழாய்களும் ஒரே தத்துவத்தின் பிள்ளைகளே. சூடான பொருளையொட்டி நீரை ஓடவிட்டு, அந்நீர் சுமந்துவரும் வெப்பத்தை வேறோரிடத்தில் இறக்கிவைப்பதே அத்தத்துவம். இதனை வீட்டுக் கணிப்பொறிக்குத் தம் கையாலேயே பொருத்திப் பார்க்க இளைஞர் சிலர் விழைகின்றனர். பெற்றோராகிய நாம் இதற்கு இசையலாமா?

முயற்சி பழையதுதான். 1960-களில் வந்த ஐ.பி.எம். 360 வரிசையின் 91-ஆம் மாதிரி நீரால் குளிர்ந்தது. 1985-இல் வெளிவந்த கிரே-2 கணிப்பொறியின் மின்சுற்றுகள் மின்சாரம் கடத்தாத திரவத்திலேயே மூழ்கியிருந்தன. 1990-களின் இறுதியில் மேனாட்டு ஆர்வலர்கள் காரின் ஹீட்டர் ரேடியேட்டரையும் மீன்தொட்டி மோட்டாரையும் இணைத்து வீட்டிலேயே இவ்வமைப்பைச் செய்தனர்.

நீரின் ஆற்றல் வியப்புக்குரியது. ஒரே கன அளவுள்ள காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை அது ஏற்கும். 150 வாட் வெப்பம் உமிழும் செயலியின்மீது நிமிடத்திற்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், அந்நீரின் வெப்பம் இரண்டு டிகிரி அளவே உயரும்.

வேண்டிய பொருள்களும் அருமையானவை அல்ல. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் மோட்டார் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் கிடைக்கும். செயலியின்மேல் அமரும் தாமிரக் கட்டியே கைத்திறனைச் சோதிப்பது. அதனுள் நீரோடும் வாய்க்கால் குடைய வேண்டும்; அடிப்பரப்பைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்க வேண்டும்; மூடியைக் கசிவின்றிப் பற்றவைக்க வேண்டும்.

இடர்களையும் எண்ணுவோம். தாமிரத்தையும் அலுமினியத்தையும் ஒரே நீர்ச்சுற்றில் சேர்த்தால் அலுமினியம் அரிக்கப்படும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை ஊற்றினால் அரிப்பு விரையும், படிவும் சேரும். பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரும் அரிப்புத் தடுப்பு மருந்துமே ஏற்றவை. ஆர்வ மிகுதியால் பனிக்கட்டி இடுவோரும் உண்டு. நம் ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த குழாய்களின்மேல் வியர்த்து, மின்பலகையில் சொட்டும். ஆகவே அது வேண்டாம். ரேடியேட்டர் வழியே ஆறும் நீர் அறையின் வெப்பத்திற்குக் கீழே இறங்காது என்பதையும் மறவாதிருப்போமாக.

எல்லாவற்றிலும் மேலானது உயிர்க்காப்பு. மோட்டார் 230 வோல்ட்டில் ஓடுமாயின், நில இணைப்பும், கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் கருவியும் இன்றியமையாதவை. கணிப்பொறியில் பொருத்துமுன், மோட்டாரை மட்டும் ஒரு நாள் முழுதும் வெளியே ஓடவிட்டு, இணைப்புகளின்கீழ் காகிதம் விரித்து ஈரம் பார்க்க வேண்டும்.

சாதாரண வீட்டுக் கணிப்பொறி சூடேறினால், தூசியைத் துடைத்து, செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள பசையை மாற்றினாலே பெரும்பாலும் போதும். பிள்ளைகளின் படிப்பும் குடும்பத்தின் வருவாயும் நம்பியிருக்கும் ஒரே கணிப்பொறியைச் சோதனைக்குக் கொடுப்பது தகாது. ஆயினும் பயனற்றுக் கிடக்கும் பழைய பொறி ஒன்றை மகனுக்கோ மகளுக்கோ தந்து, நாமும் அருகே அமர்ந்தால், உலோகமும் வெப்பமும் நீரும் மின்சாரமும் ஒருங்கே பாடமாகும். தடுப்பதினும், காப்புடன் கற்க வழிசெய்வதே பெற்றோர்க்கு அழகு.