பகல் முழுக்க உழைத்தும் சுகர், பி.பி. வருவது ஏன்? உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களே உஷார்!

திருப்பூர்:

காலை 8.30 மணிக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடித்து எழுந்திருக்க ராத்திரி 8.30 ஆகிவிடுகிறது. நடுவில் இரண்டு டீ, ஒரு சாப்பாடு. பனியன் கம்பெனி டைலர்கள் பலருக்கு இதுதான் தினசரி வாழ்க்கை.

"நாள் முழுக்க மாடா உழைக்கிறேன். எனக்கு எதுக்கு வாக்கிங்? அதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்கும் பணக்காரங்களுக்கும்தான்" என்பது இவர்களில் பலருடைய எண்ணம். பஸ், லாரி, ஆட்டோ டிரைவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கடையில் கல்லாவில் இருப்பவர், ஏ.டி.எம். வாசலில் காவல் இருப்பவர் என எல்லாருக்கும் இதே பதில்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை வாங்கும் வரிசையில் இவர்களும்தான் நிற்கிறார்கள். உழைக்கிற உடம்புக்கு இந்த வியாதி எப்படி வருகிறது?

களைப்பு வேற, அசைவு வேற

விடை ரொம்ப சிம்பிள். உழைப்பு இருக்கிறது, ஆனால் உடம்பில் அசைவு இல்லை.

ஓவர்லாக் மிஷினில் 12 மணி நேரம் உட்கார்ந்த ஒருவருக்கு கண் எரியும், கழுத்து பிடிக்கும், இடுப்பு விட்டுப்போகும். களைப்பு நிஜம்தான். ஆனால் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் காலிலும் இருக்கின்றன. அவை அன்று பூராவும் சும்மாதான் இருந்தன. காலால் மிதித்து ஓட்டிய தையல் மிஷின் காலத்தில் காலுக்கு கொஞ்சமாவது வேலை இருந்தது. இப்போது கரண்டில் ஓடும் மிஷின். பெடலை லேசாக அழுத்தினால் போதும்.

லண்டன் பஸ்சில் கிடைத்த உண்மை

இதை முதன்முதலில் ஆதாரத்தோடு நிரூபித்தவர் இங்கிலாந்து டாக்டர் ஜெர்ரி மோரிஸ். அவர் எடுத்துக்கொண்டது பணக்காரர்களை அல்ல. நம்மைப் போன்ற தொழிலாளிகளைத்தான்.

லண்டனில் ஓடிய மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு சுமார் 500 முதல் 750 படி வரை ஏறுவாராம். இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே ரூட்.

சுமார் 31 ஆயிரம் போக்குவரத்து ஊழியர்களின் உடல்நிலையை மோரிஸ் குழு ஆராய்ந்தது. முடிவு 1953-ம் ஆண்டு வெளியானது. டிரைவர்களை விட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயசு கடந்துதான் வந்தது. திடீர் சாவும் அவர்களிடம் ரொம்பக் குறைவு.

"டிரைவர்கள் குண்டா இருந்திருப்பாங்க, அதனால வந்திருக்கும்" என்று யாராவது கேட்கலாம் அல்லவா? அதையும் மோரிஸ் விடவில்லை. ஊழியர்களுக்கு தைத்துக்கொடுத்த யூனிபார்ம் பேண்ட் அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிசாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான டிரைவர்களுக்கும், ஒல்லியான கண்டக்டர்களை விட ஆபத்து அதிகமாகவே இருந்தது.

தபால் துறையிலும் அதே கதை. தெருத்தெருவாக கடிதம் கொடுத்த போஸ்ட்மேன்களை விட, ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம்.

இதில் ஒன்றை கவனிக்க வேண்டும். அந்த கண்டக்டர்கள் யாரும் ஜிம்முக்குப் போனவர்கள் இல்லை. அவர்கள் வேலைக்குள்ளேயே அசைவு இருந்தது. அது அவர்களைக் காப்பாற்றியது.

இந்தியாவில் பாதிப் பேர்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். அல்லது அதற்கு சமமான உடல் வேலை செய்ய வேண்டும். வாரத்தில் 5 நாள், நாளுக்கு அரை மணி நேரம். அவ்வளவுதான்.

அந்த அளவு கூட செய்யாதவர்கள் இந்தியாவில் 2000-ம் ஆண்டில் 100-க்கு 22 பேர் இருந்தார்கள். 2022-ல் இது 49 பேராக ஏறிவிட்டது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். 2024-ல் வெளியான சர்வதேச ஆய்வு தந்த அதிர்ச்சி தகவல் இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அதன்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். மேலும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

உட்கார்ந்தா உள்ளே என்ன நடக்குது?

சாப்பிட்ட சோறு, இட்லி எல்லாம் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. அதை எடுத்து எரிக்கும் முக்கியமான அடுப்பு நம் தசைகள்தான். தசை அசைந்தால் இன்சுலின் குறைவாக இருந்தால் கூட சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அசையாமல் இருந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இன்சுலின் சுரந்து சுரந்து ஒரு கட்டத்தில் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. சுகர் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

கெண்டைக்கால் தசைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நடக்கும்போது அது பம்ப் மாதிரி சுருங்கி, காலில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பம்ப் நின்றுபோகிறது. சாயங்காலம் கால் வீங்குவது, செருப்பு இறுக்குவது எல்லாம் இதனால்தான்.

சுகர் வந்தால் கண், நரம்பு, கிட்னி, இதயம் என ஒவ்வொன்றாக பாதிக்கும். பார்வை மங்கினால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. கால் மரத்துப்போனால் டிரைவருக்கு பிரேக் மிதிப்பதே சந்தேகம். உடம்பை நம்பி கூலி வாங்குபவருக்கு இது வியாதி மட்டும் இல்லை, வேலை போகிற விஷயம். சம்பாதிக்கிற ஒருவர் படுத்தால் குடும்பமே படுத்துவிடும்.

கூடவே சேரும் பழக்கங்கள்

உட்கார்ந்த வேலையோடு வேறு சில பழக்கங்களும் கைகோர்த்துக் கொள்கின்றன.

முதலில் டீ. ஒரு டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாளைக்கு 5 டீ குடித்தால் 50 கிராம். மாசத்துக்கு ஒன்றரை கிலோ! பெரியவர்களுக்கு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதை டீயே சாப்பிட்டு விடுகிறது. கூட வடை, பஜ்ஜி, கிரீம் பிஸ்கட் கணக்கு தனி.

அடுத்து வண்டி. தெருமுனை டீக்கடைக்கும் வண்டி, ரேஷன் கடைக்கும் வண்டி. முன்பு பஸ் ஸ்டாப் வரைக்குமாவது நடந்தோம். அந்த நடையும் போய்விட்டது.

வீட்டில் மிக்சி, கிரைண்டர் வந்ததால் பெண்களுக்கு பெரிய கஷ்டம் குறைந்தது. அது நல்லதுதான். யாரும் மறுபடி அம்மிக்குப் போக வேண்டாம். ஆனால் குறைந்த அசைவுக்கு பதிலாக வேறு எதுவும் வரவில்லை. மிச்ச நேரத்தை டி.வி.யும் செல்போனும் எடுத்துக்கொண்டன. ராத்திரி 10 மணிக்கு சாப்பாடு, 12 மணி வரை செல்போன், காலையில் 5 மணிக்கு எழுந்திருக்கணும். தூக்கம் குறைந்தாலும் சுகரும் பி.பி.யும் ஏறும்.

பெண் தொழிலாளர்களிடம் இன்னொரு ஆபத்தான பழக்கம் இருக்கிறது. பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. இதனால் மிஷினை விட்டு எழுந்திருக்கும் ஒரு சந்தர்ப்பமும் போகிறது, நீர்க்கடுப்பும் தொற்றும் வருகிறது.

நின்றால் மட்டும் போதுமா?

"நான் ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டேதான் வேலை பாக்கறேன்" என்பவர்களும் உண்டு. நிற்பது நடப்பது ஆகாது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், குதிகால் வலிக்கும். அதனால்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு சட்டத்திருத்தம் கொண்டு வரப்பட்டது. உடம்பு கேட்பது மாற்றத்தைத்தான். கொஞ்சம் உட்காரணும், கொஞ்சம் நிற்கணும், கொஞ்சம் நடக்கணும்.

சென்னை டாக்டர் காட்டிய வழி

சரி, நடந்தால் நிஜமாகவே பலன் உண்டா? சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு இதை சோதித்துப் பார்த்தது. சுகர் வரும் நிலையில் இருந்த 531 பேரை பிரித்து 3 ஆண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு தினமும் அரை மணி நேரம் நடக்கவும், சாப்பாட்டைத் திருத்தவும் ஆலோசனை தரப்பட்டது. வேலையிலேயே உடலுழைப்பு உள்ளவர்களையும், ஏற்கனவே நடப்பவர், சைக்கிள் மிதிப்பவர்களையும் அதையே தொடரச் சொன்னார்கள்.

2006-ல் முடிவு வெளியானது. சாதாரணமாக விடப்பட்ட பிரிவில் 100-க்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடந்தவர்கள் பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்ட பிரிவிலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். அதாவது, செலவே இல்லாத நடை மாத்திரைக்கு சமமாக வேலை செய்தது.

கூலி போகாமல் என்ன செய்யலாம்?

பீஸ் ரேட்டில் வேலை செய்பவரிடம் "அரை மணிக்கு ஒருமுறை நடங்க" என்று சொல்வது எளிது. அவர் எழுந்தால் காசு போகும். அதனால் நடக்கிற காரியமாக சிலவற்றைப் பார்ப்போம்:-

* டீ நேரத்தில் டீயை வாங்கி உட்காராதீர்கள். கம்பெனி வாசல் வரை போய் வந்து குடியுங்கள்.

* மதியம் சாப்பிட்டதும் 10 நிமிடம் நடை. சாப்பாட்டுக்குப் பின் நடப்பது சுகர் ஏறுவதைக் குறைக்கும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் தெருவில் ஒரு சுற்று.

* பண்டல் முடிந்ததும் ஒரு முறை எழுந்து நில்லுங்கள். எழ முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். 20 தடவைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

* கம்பெனி பஸ்சில் வருபவர்கள் ஒரு ஸ்டாப் முன்பே இறங்கலாம். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

* டிரைவர்கள் ட்ரிப் முடிந்ததும் சீட்டிலேயே சாயாமல் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். டயர் பார்த்த மாதிரியும் ஆச்சு, நடந்த மாதிரியும் ஆச்சு.

* டீயில் சர்க்கரையை இந்த வாரம் ஒரு ஸ்பூன் ஆக்குங்கள். 5 டீயை 3 ஆக்குங்கள். வடைக்கு பதில் சுண்டலோ கடலையோ சாப்பிடலாம். ஊறுகாய், அப்பளம் அளவோடு இருக்கட்டும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்.

* பீடி, சிகரெட், புகையிலை வேண்டவே வேண்டாம். எவ்வளவு நடந்தாலும் அந்த ஆபத்து தீராது.

10 ஆயிரம் அடி நடந்தால்தான் பலன் என்று பயப்பட வேண்டாம். அது 1965-ல் ஜப்பானில் விற்ற நடைக் கருவியின் பெயரில் இருந்து வந்த கணக்கு. சுமார் 7 ஆயிரம் அடியிலேயே நல்ல பலன் கிடைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இப்போது 2 ஆயிரம் அடி நடப்பவர் 4 ஆயிரம் நடந்தாலும் லாபமே.

முதலாளிகளும் யோசிக்கணும்

எல்லாவற்றையும் தொழிலாளி தலையில் கட்டவும் முடியாது. டீ நேரத்தை முழுசாகக் கொடுப்பது, சுத்தமான பாத்ரூம், குடிக்க தண்ணீர், முதுகு சாய நாற்காலி ஆகியவை கம்பெனி கையில் இருக்கின்றன. மதியம் 10 நிமிடம் நடக்க கேட்டுக்குள் இடம் விட்டால் செலவு ஒன்றும் ஆகாது. ஆள் லீவு போட்டால் லைன் நிற்கிறது. ஆர்டர் தள்ளிப்போகிறது. அந்த நஷ்டத்துக்கு இது மேல்.

எப்போது டெஸ்ட்?

வயசு 30 தாண்டிவிட்டால் வருடம் ஒருமுறை சுகர், பி.பி. பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசம்தான். வெறும் வயிற்றில் சுகர் 100-க்குள் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். பி.பி. 140/90-க்கு மேல் இருந்தாலும் அப்படியே. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. டைலர்கள் கையில் டேப் இருக்கிறது. இன்றைக்கே அளந்து பார்க்கலாம்.

ஏற்கனவே இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். பாக்கெட்டில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், வேர்வை, இடது கை வலி, மூச்சுத் திணறல் வந்தால் "வாயுப்பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.