பூண்டுக் கிண்ணத்தைச் சுற்றி...

சுட்டீஸ்! 'பான்யா கவுடா' என்றதும் கர்நாடகத்துக்காரர் யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். இது சாப்பிடுகிற பொருள்! இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள பியட்மான்ட் மாநிலத்து மக்கள் குளிர்காலத்தில் ரொட்டியையும் காய்கறியையும் தோய்த்துச் சாப்பிடும் சூடான குழம்பு. அவர்கள் பேச்சில் அந்தப் பெயருக்கு அர்த்தமும் 'சூடான குழம்பு'தான்.

இதில் மூன்றே பொருட்கள். பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பில் ஊறிய நெத்திலி மீன்.

எவ்வளவு பூண்டு தெரியுமா? 2005ல் ஆஸ்டி பகுதிக்காரர்கள் எழுதிப் பதிவு செய்து வைத்த பாரம்பரிய செய்முறைப்படி, 12 பேருக்கு 12 முழுப் பூண்டு! பல் இல்லை, முழுசு! கூடவே 600 கிராம் நெத்திலி, 6 கிளாஸ் எண்ணெய். மறுநாள் பக்கத்தில் யாரும் வர முடியாது. அதனால்தான் எல்லோரும் சேர்ந்தே சாப்பிட்டுவிடுகிறார்கள்!

இங்கே ஒரு கேள்வி வரவேண்டுமே? பியட்மான்ட்டுக்குக் கடலே கிடையாது. அப்புறம் மீன் எப்படி வந்தது?

தெற்கே மலையைத் தாண்டினால் லிகுரியா கடற்கரை. அங்கிருந்து உப்பு ஏற்றிய கழுதைகள் மலைப்பாதையில் வரும். அந்தக் காலத்தில் உப்புக்குக் கடுமையான வரி. வியாபாரிகள் பீப்பாயில் உப்பை நிரப்பி, மேலே நெத்திலியைப் பரப்பி, 'மீன்தான் ஐயா' என்று சுங்கக்காரர்களை ஏமாற்றினார்களாம். இது அங்கே சொல்லும் கதை.

ஆனால், மைரா பள்ளத்தாக்கு மீன்காரர்கள் கதையல்ல, நிஜம். மலை கிராமத்து ஏழை விவசாயிகள் அவர்கள். பனி கொட்டினால் வயலில் வேலை இல்லை. வீட்டில் சாப்பாடும் போதாது. எனவே அறுவடை முடிந்ததும் குடும்பத்தைப் பிரிந்து, தள்ளுவண்டியில் உப்பு நெத்திலியோடு கிளம்புவார்கள். ஊர் ஊராக நடந்து விற்று, வசந்த காலத்தில்தான் வீடு திரும்புவார்கள். செல்லே டி மாக்ரா என்ற குட்டி ஊரில் இவர்களுக்காக ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

சரி, செய்வது எப்படி? அடுப்பு வேலை, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். பூண்டை உரித்து, நடுவிலுள்ள முளையை எடுத்துவிட்டு மெல்லிசாக நறுக்க வேண்டும். மண்சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மிகச் சிறு தீயில் மரக்கரண்டியால் கிளற வேண்டும். பூண்டு சிவக்கவே கூடாது, சிவந்தால் கசக்கும். பிறகு, கழுவி முள் நீக்கிய நெத்திலியைப் போட்டுக் கிளறி, மீதி எண்ணெயை ஊற்றி அரை மணி நேரம் வைத்தால், மீன் கரைந்தே போய்விடும். காரம் பிடிக்காதவர்கள் பூண்டை முதலில் பாலில் வேகவைப்பார்கள். நறுக்கும்போது பூண்டில் உண்டாகும் 'அல்லிசின்' என்ற பொருள்தான் நாக்கைச் சுடும். வெந்தால் அது அடங்கிவிடும்.

நம் ஊர் நெத்திலிக் கருவாட்டைப் போடலாமா என்று கேட்காதீர்கள். அது வெயிலில் காய்ந்தது, இது உப்பில் மாதக்கணக்கில் ஊறி மெத்தென்று இருப்பது.

மேஜையில் ஆளுக்கு ஒரு மண்கிண்ணம், அதன் அடியில் ஒரு மெழுகுவர்த்தி. குழம்பு ஆறக்கூடாதே! குடமிளகாய், முட்டைக்கோஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தோய்க்கலாம். நீசா மொன்ஃபெராத்தோ ஊரில் 'கூன் கார்டோ' என்று ஒரு செடி வளர்க்கிறார்கள். தண்டை வளைத்து மண்ணால் மூடிவிடுவார்கள். வெயில் படாமல் அது வெளுத்து, பச்சையாகவே கடிக்கும் அளவுக்கு இளசாகிவிடும். எண்ணெய் சொட்டாமலிருக்கக் கீழே ஒரு துண்டு ரொட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் அந்த ரொட்டிதான் ருசி!

கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சுமல்லவா? அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அந்தச் சூட்டிலேயே கிளறி, வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.