நவம்பர் நாவலுக்கு அக்டோபரில் விரல் பழக்குங்கள்

கெடு வைத்து எழுதுவது கோவை சிங்காநல்லூருக்குப் புதிதல்ல. சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த 'ராஜகுமாரி' (1947) படத்துக்கு மு. கருணாநிதி வசனம் எழுதியது இந்த ஊரில் தங்கித்தான்.

நாவலுக்குக் கெடு வைத்தவர் கிறிஸ் பேட்டி. 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேரோடு அவர் தொடங்கிய 'நானோரைமோ' என்ற நாவல் எழுதும் சவால் மறு ஆண்டே நவம்பருக்கு மாறியது. 30 நாளில் 50,000 சொல், நாளுக்கு 1,667. நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டாலும், அவரவர் வீட்டில் எழுதுவதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் தமிழில் அதே கதை குறைந்த சொற்களில் முடிந்துவிடும். மில் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு நாளுக்கு 1,000 சொல் தாராளம். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' அளவில் சிறியதுதான். கொங்கு நாவல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான்.

எந்த மென்பொருள் என்று அலைவதில்தான் பலருக்கு அக்டோபர் கழிகிறது. ஸ்கிரிவனர் காசு கேட்கும்; அத்தியாயங்களை அட்டைபோல் இடம் மாற்ற உதவும். முதல் வரைவுக்கு அது தேவையில்லை என்பேன். இணையம் இல்லாமலும் ஓடும் இலவச லிப்ரேஆபீஸ் போதும். பஸ்ஸில் போனில் எழுதுபவருக்கு கூகுள் டாக்ஸ்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டே. ஒன்று, யூனிகோடு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். இன்னொன்று, விசைப்பலகை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 இன்றைய விண்டோஸிலேயே இருக்கிறது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். 'அம்மா'வுக்கு நான்கு தட்டு. ஆங்கில ஒலிப்பு முறையில் ஐந்து. ஒரு தட்டுதானே என்று தோன்றும். முப்பதாயிரம் சொல்லுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

பிழைதிருத்தியை டிசம்பர் வரை அணைத்து வையுங்கள். 'ஏனுங்', 'வாரனுங்', 'பொறவு' எல்லாம் அதற்குப் பிழைகள்தாம்; சிவப்புக் கோட்டுக்குப் பயந்து உங்கள் அப்பத்தாவைச் செய்தி வாசிக்க வைத்துவிடாதீர்கள்.

ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை தினம் ஓர் அத்தியாயமாக 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களை வெளியிட்டார். மறுநாள் காலையில் படிக்க ஆள் காத்திருந்தது. உங்களுக்கும் ஒரே ஒருவரைப் பிடித்து, அன்றைய பக்கங்களை ராத்திரியே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கணினி பழுதானாலும் ஒரு பிரதி அவரிடம் இருக்கும்.