ஐம்பது கிராம் அலுமினியத்தின் விலை

"ஹெட்டைப் போர்ட்டிங் பண்ணி பாலிஷ் போட்டால் வண்டி பறக்கும்" என்பது நம் ஒர்க்‌ஷாப்களில் பழைய பேச்சு. பறக்கிறதோ இல்லையோ, சிலிண்டர் ஹெட்டில் காற்று போய்வரும் வழிகளைக் குடைந்து சீராக்கும் இது, கணக்குக்கு அடங்கும் வேலைதான். காற்றின் அளவு, உலோகத்தின் எடை, வேலை நேரம், ரூபாய் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கலாம். அதற்கு நமக்கெல்லாம் பழக்கமான மாருதி 800 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த கார். 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது. இந்தியாவில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் விற்றது. கோவைக்காரரான கரிவர்தன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியதும் இதே இன்ஜினை வைத்துத்தான்.

மூன்று சிலிண்டர்கள். போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 265 சி.சி., மூன்றுக்கும் சேர்த்து 796. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது, முழுக்க நிரம்பினால், நிமிடத்துக்கு 1,990 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க அதற்குக் கிடைப்பது வெறும் 6 மில்லி விநாடி. வால்வு சற்று முன்னால் திறந்து பின்னால் மூடுவதால் கொஞ்சம் கூடுதல் நேரம் உண்டு. அந்தக் கூடுதல் நேரத்தில் காற்று உள்ளே வருவதற்குக் காரணம் பிஸ்டனின் இழுப்பு அல்ல, ஓடி வந்த காற்றின் சொந்த வேகம். போர்ட்டிங்கின் லாபமும் நட்டமும் இந்த வேகத்தில்தான் இருக்கின்றன.

பிஸ்டனின் சராசரி வேகம் 5,000 சுற்றில் விநாடிக்கு 12 மீட்டர். பிஸ்டன் தலையின் பரப்பு 3,685 சதுர மி.மீ. இன்லெட் போர்ட்டின் உள்விட்டம் 28 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 616. பிஸ்டன் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே போர்ட்டில் காற்று ஆறு மடங்கு வேகமாக, விநாடிக்கு சுமார் 72 மீட்டரில் ஓடுகிறது. அதை 30 மி.மீ. ஆகக் குடைந்தால் பரப்பு 707 ஆகிறது. 15 சதவீதம் கூடுதல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேகம் 63 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே எடையுள்ள காற்றின் உந்துதலில் ஏறத்தாழ 24 சதவீதம் போய்விடுகிறது. நகரத்தில் 2,500 சுற்றில் ஓட்டுபவருக்கு ஏற்கெனவே 36 மீட்டராக இருந்த வேகம் 31 ஆகிறது. சிக்னலில் கிளம்பும்போது வண்டி முன்பைவிட மந்தமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். "பெரிசா இருந்தா நல்லது" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

குடைந்தெடுத்த உலோகம் எவ்வளவு? 70 மி.மீ. நீளத்துக்கு 28-ஐ 30 ஆக்கினால் ஒரு போர்ட்டில் 6.4 சி.சி. அலுமினியம் போகும். எடை 17 கிராம். மூன்று இன்லெட்டுக்கும் சேர்த்து 50 கிராம் சொச்சம். இதற்குத்தான் டங்ஸ்டன் கார்பைடு பர், டை கிரைண்டர், பர்ரில் அலுமினியம் அப்பாமலிருக்க மண்ணெண்ணெய், பிறகு 60, 80, 120 என எமரி ரோல்கள், கூடவே மணிக்கணக்கான பொறுமை.

செலவுப் பக்கத்தை எழுதிவிடுவோம். கூலி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மணிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நேரமும் என் மதிப்பீடே.

இன்லெட் 3 × 2 மணி = 6 மணி
எக்ஸாஸ்ட் 3 × 1½ மணி = 4½ மணி
எரியறைகளைச் சமன் செய்தல் 3 × ½ மணி = 1½ மணி
ஆறு வால்வுகளுக்கு சீட் வெட்டி லேப்பிங், தலா அரை மணி = 3 மணி
மொத்தம் 15 மணி, 7,500 ரூபாய்
கேஸ்கெட், வால்வு சீல், ஹெட் ஃபேஸிங் = 2,500 ரூபாய் என்று கொள்க
ஆக 10,000 ரூபாய்

இந்த வரிகளில் அதிகம் சம்பாதித்துக் கொடுப்பது நான்காவது. வால்வு 45 பாகையில் உட்காரும் சீட்டுக்கு மேலே 30, கீழே 60 என்று மூன்று கோணம் வெட்டினால் காற்று முனையில் மோதாமல் வளைந்து இறங்கும். தேய்ந்து 3 மி.மீ. அகலத்துக்குப் பரந்துவிட்ட சீட்டை ஒன்றரை மி.மீ. அளவுக்குக் கொண்டுவருவதே பாதி வேலை. இன்னும் குறுக்கலாமே என்று தோன்றும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பது அந்தச் சீட்டில்தான்; அதைக் குறுக்கினால் வால்வு எரிந்துபோகும்.

காற்று எங்கே நெரிபடுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 32 மி.மீ. விட்டமுள்ள வால்வு 8 மி.மீ. எழும்பும்போது அதன் விளிம்பைச் சுற்றித் திறக்கும் இடைவெளி 804 சதுர மி.மீ. வால்வு வட்டின் பரப்பும் அதே 804. எந்த வால்வானாலும் விட்டத்தில் கால் பங்கு எழும்பும்வரை நெரிசல் பெரும்பாலும் வால்வு விளிம்பில்தான், போர்ட்டில் அல்ல. வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கால் பங்குக்குள்ளேயே கழிகிறது. ஆகவே சீட்டுக்கு மேலும் கீழும் அரை அங்குலத்தில் செய்யும் வேலைக்கு, கண்ணுக்குத் தெரியும் வாய்ப்பக்கத்தைப் பளபளப்பாக்குவதைவிட மதிப்பு அதிகம்.

பளபளப்பு பற்றி ஒரு வார்த்தை. இன்லெட்டில் கண்ணாடிபோல் மினுக்குவது வீண். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் சுவரில் படிந்து வழியும். 80 எமரி விட்டுச்செல்லும் லேசான சொரசொரப்பே நல்லது. எக்ஸாஸ்டில் மினுக்கலாம், கரி குறைவாக ஒட்டும்.

எரியறையில் கை வைத்தால் கம்ப்ரஷன் கணக்கு மாறும். விகிதம் 8.7 என்றால் மேலே மிஞ்சும் இடம் 34.5 சி.சி. மினுக்குகிறேன் என்று 1 சி.சி. தேய்த்துவிட்டால் விகிதம் 8.5-க்குக் கீழே போய்விடும். ஹெட்டின் முகத்தில் அரை மி.மீ. ஃபேஸிங் போட்டால், அறையின் வாய் போர் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு என்று கொண்டு, ஒன்றரை சி.சி. குறைந்து விகிதம் 9.04 ஆகும். ஏட்டுக் கணக்குப்படி இதனால் ஆற்றல் திறன் கூடுவது சுமார் 1 சதவீதம். இந்த இன்ஜினின் 37 குதிரைத்திறனில் அது அரைக் குதிரைகூட இல்லை.

வரவு? தொழிற்சாலையே இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800 கொடுத்தது 5,000 சுற்றில் 37 குதிரைத்திறன். அதே போர், அதே ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த மாடல் 6,200 சுற்றில் சுமார் 45 கொடுத்தது. திறன் 22 சதவீதம் கூடியது. சுற்று 24 சதவீதம் கூடியது. ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் வகுத்தால் முன்னதில் 7.4, பின்னதில் 7.3. அதாவது, ஒரு சுற்றில் கிடைக்கும் பலம் கூடவே இல்லை. இன்ஜினுக்கு மூச்சுத் திணறும் இடம் மட்டும் 1,200 சுற்று தள்ளிப்போனது. நல்ல ஹெட் செய்வது இதைத்தான். 5,000-க்கு மேல் ஓட்டாதவருக்கு அந்தச் சரக்கு பயன்படாது.

காற்றை அளந்து போர்ட் வடிவம் அமைப்பதை 1920களிலேயே தொழிலாகச் செய்தவர் இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக். இன்று காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் பெரும்பாலும் 28 அங்குல நீர் அழுத்தத்தில், அதாவது சுமார் 7 கிலோ பாஸ்கலில் அளக்கிறார்கள். பந்தய இன்ஜின்காரர்களின் தோராய விதி: நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற எண்ணை 0.257-ஆலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால் எட்டக்கூடிய குதிரைத்திறன் வரும். 37 குதிரைக்குத் தேவை சிலிண்டருக்கு 48 கன அடிதான். ஹெட் ஏற்கெனவே அதற்கு மேல் விடுகிறது என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது; கேம்ஷாஃப்டில், ஏர் ஃபில்டரில், சைலன்சரில். ஒரே ஹெட் 10 அங்குலத்தில் 100 கன அடி காட்டினால் 28 அங்குலத்தில் 167 காட்டும். அழுத்தத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது வியாபாரத் தந்திரம்.

நல்ல கையால் செய்து 5 சதவீதம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 1.85 குதிரைத்திறன். பத்தாயிரத்தை வகுத்தால் ஒரு குதிரை 5,400 ரூபாய். பந்தயக்காரருக்கு இது மலிவு. தினமும் ஆபீஸ் போகிறவர் சீட் வெட்டி, லேப்பிங் போட்டு, புது கேஸ்கெட் வைத்து 4,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே பெஞ்சில், ஒரே அழுத்தத்தில், மூன்று சிலிண்டரையும் தனித்தனியே அளந்த எண்களை எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் ஹெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.